பல் நாற்காலியில் குழந்தை அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

நாற்காலி ஒன்று, அழுகையும் ஒன்றுபோலத்தான் கேட்கும். காரணம் மட்டும் குழந்தைக்குக் குழந்தை வேறு. தூக்கம் கெட்டு அழும் பிள்ளைக்குப் பரிசைக் காட்டிப் பயனில்லை; பல் வலித்து அழும் பிள்ளைக்குக் கதை சொல்லிப் பயனில்லை. அதனால் "எப்படி அடக்குவது" என்று கேட்பதற்கு முன் "எந்த நிமிடத்தில் ஆரம்பித்தது" என்று கேளுங்கள். வீட்டு வாசலிலா, கிளினிக் கதவிலா, வெளிச்சம் முகத்தில் விழுந்தபோதா, ஊசியைப் பார்த்தபோதா? கீழே அந்த வரிசையில்தான் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத எளிய காரணம் முதலில் வரும். மருந்தும் மயக்கமும் கடைசியில். பெற்றோருக்கும் நாற்காலி பக்கம் நிற்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியது.

## எதையும் பார்க்கும் முன்: பழக்குவதற்கு நேரமில்லாத நிலைகள்

முகம் வீங்கி, கண் இடுங்கியிருந்தால், வீக்கத்தோடு காய்ச்சல் இருந்தால், வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாவிட்டால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் பல் கிளினிக்கைத் தேடாமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடிபட்டு நிலைப்பல் முழுதாக வெளியே வந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்தெடுங்கள். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசி, பல் இருந்த குழியிலேயே திரும்ப வையுங்கள். வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே கிளம்புங்கள். அரை மணி நேரத்துக்குள் பொருத்தினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பால்பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே வளரும் நிலைப்பல் கெடும்.

இவற்றில் குழந்தை எவ்வளவு அழுதாலும் வேலை நடந்தே ஆக வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் இன்றைக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வரலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், ஒரு சின்னச் சொத்தையை அடைப்பதற்காக நாலு பேர் சேர்ந்து ஒரு குழந்தையை அமுக்கிப் பிடிக்கிறார்கள்.

## அறிகுறி 1: கிளம்பும் முன்பே அழுகை, வயிற்றுவலி, "நான் வரமாட்டேன்"

எப்போது சொன்னீர்கள்? 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு முந்தின நாள் சாயங்காலமோ அன்று காலையோ சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் பயமும் ஒரு வாரம் வளரும். பள்ளி வயதுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு சொல்லலாம். சொல்லாமலே, வேறெங்கோ போவதாக ஏமாற்றிக் கூட்டிப்போவது அந்த ஒரு நாளுக்கு உதவும். அடுத்த முறை செருப்பு மாட்டும்போதே குழந்தை சந்தேகப்படும்.

என்ன சொன்னீர்கள்? "வலிக்கவே வலிக்காது" என்றால் குழந்தை காதில் விழுவது வலி என்ற சொல் மட்டும்தான். "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க" என்பது பொய்யாகப் போகலாம். "சமத்தா இருந்தா ஊசி போட மாட்டாங்க" என்றால் ஊசி தண்டனையாகிவிடுகிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர் உன் பல்லையெல்லாம் எண்ணிப் பார்ப்பாங்க. குட்டிக் கண்ணாடி வெச்சுப் பார்ப்பாங்க. என்ன செய்யப் போறாங்களோ அதை உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வாங்க." "ஊசி போடுவாங்களா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியலடா, டாக்டர்கிட்டயே கேட்போம்" என்பதுதான் நேர்மையான பதில்.

வேறு யார் என்ன சொன்னார்கள்? அக்காவின் பல் பிடுங்கிய கதை, பெரியவர்கள் தங்கள் வேர் சிகிச்சையைப் பற்றிப் பேசியது, "சொன்ன பேச்சு கேட்கலேன்னா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் மிரட்டியது. கடைசியாகச் சொன்னதை இன்றோடு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் அப்படி மிரட்டிவிட்டு, ஒரே நாளில் அதே டாக்டரை நல்லவராக்க முடியாது.

ஒத்திகை நடந்ததா? மூன்று நாலு நாள், ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும். குழந்தையின் தலை உங்கள் மடியில், முகம் கூரையைப் பார்க்கும்படி மல்லாந்து படுக்கட்டும். டார்ச் வெளிச்சம் கண்ணில் விழாமல் தாடைப் பக்கத்திலிருந்து காட்டுங்கள். சிறு கரண்டியின் பின்புறத்தால் கன்னத்தை மெல்ல ஒதுக்கி, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுங்கள். பால்பல் எல்லாம் முளைத்திருந்தால் 20 வரும். பிறகு குழந்தை உங்கள் பல்லை எண்ணட்டும். இங்கே பலர் தவறவிடுவது மல்லாந்து படுப்பதை. எதிரே உட்காரவைத்து "ஆ காட்டு" என்று பழக்கினால், நாற்காலி பின்னால் சாயும்போது குழந்தைக்கு எல்லாமே புதிதாகிவிடும்.

நேரம் சரியா? தூக்க நேரத்தில், பசி நேரத்தில், பள்ளி விட்டுக் களைத்து வந்த பிறகு என்றால் எந்த முறையும் பலிக்காது. சின்னக் குழந்தைக்குக் காலை நேரமே நல்லது. பிள்ளைக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூக்கால் மூச்சுவிட முடியாதவர் வாயில் வேலை நடக்கும்போது மூச்சுக்குத் திணறுவார்.

ஆள் தேவைப்படும் கட்டம்: பல் மருத்துவர் என்ற பேச்சை எடுத்தாலே வாந்தி, தூக்கமின்மை, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்புதல் என்று பல நாள் நீண்டால் குழந்தை மனநல ஆலோசகரைப் பாருங்கள். அவரும் பல் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும்படி செய்வது முக்கியம்.

## அறிகுறி 2: காத்திருக்கும்வரை சரி, கதவருகே அம்மா காலைக் கட்டிக்கொள்கிறது

முதல் சந்தேகம், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதில். கால் மணி நேரத்தைத் தாண்டினாலே சின்னக் குழந்தையின் பொறுமை தீர ஆரம்பிக்கும். உள்ளேயிருந்து இன்னொரு குழந்தை அழும் சத்தமும் கேட்டால் கேட்கவே வேண்டாம். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். தாமதம் என்றால் வெளியே நடந்துகொண்டிருங்கள்.

அடுத்தது பெற்றோரின் பயம். உங்கள் கை குளிர்ந்து, குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தால் அது பிள்ளைக்குத் தெரியும். இருவரில் பல் மருத்துவரைக் கண்டு பயப்படாதவர் கூட்டிப்போங்கள். அவமானப்பட இதில் ஒன்றுமில்லை.

கிளினிக் தரப்பில் செய்யக்கூடியது: மருத்துவர் முகக்கவசம் இல்லாமல் வெளியே வந்து, குழந்தையின் கண்ணுக்கு நேராகக் குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "உள்ளே வர்றியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்று வரும். "நடந்து வர்றியா, அம்மா தூக்கிட்டு வரட்டுமா?" என்றால் எந்தப் பதிலும் உள்ளே வருவதில்தான் முடியும்.

உள்ளே வந்த பெற்றோர் குழந்தையின் பார்வை படும் இடத்தில் உட்கார்ந்து, காலில் கை வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். மருத்துவர் "திற" என்கிறார், அம்மா "திறடா கண்ணா" என்கிறார், அப்பா "சீக்கிரம்" என்கிறார். மூன்று குரல் கேட்டால் குழந்தை எதையும் கேட்பதில்லை. அன்பினால்தான் சொல்கிறீர்கள், ஆனாலும் பேசுவது ஒருவராக இருக்கட்டும்.

## அறிகுறி 3: நாற்காலியில் உட்கார்கிறது, வாயைத் திறக்க மறுக்கிறது

இங்கே வயதை வைத்துப் பிரியுங்கள்.

### 3 வயதுக்குள்

இந்த வயதில் அழுவது இயல்பு. பெரிய நாற்காலியை மறந்துவிட்டு முழங்காலோடு முழங்கால் முட்ட உட்காரும் முறைக்குப் போங்கள். அம்மாவும் மருத்துவரும் எதிரெதிரே, முட்டிகள் தொடும்படி உட்கார வேண்டும். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி அவர் இடுப்பின் இருபுறமும் காலைப் போட்டு உட்காரும். பிறகு மெல்லப் பின்னால் சாய்த்தால் தலை மருத்துவர் மடிக்கு வரும். அம்மா முழங்கையால் குழந்தையின் கால்களை அணைத்து, இரு கைகளையும் பிடித்துக்கொள்கிறார். குழந்தைக்கு அம்மா முகம் தெரிந்துகொண்டே இருக்கும். அழும்போது வாய் திறந்திருப்பதால், ஒன்றிரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்து உட்காரவைத்துவிடலாம். அழுதுகொண்டே முடிந்தாலும் அது நல்ல வருகைதான். முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், தாமதமானாலும் முதல் பிறந்தநாளுக்குள், முதல் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அந்த வயதில் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

### 3 முதல் 6 வயது

சொல், காட்டு, செய். 1959 முதல் எழுத்தில் இருக்கும் முறை. இன்றும் இதைவிட உதவுவது குறைவு. அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவதால்தான் பலிக்காமல் போகிறது.

பல் துடைக்கும் சுழலும் பிரஷ்ஷை எடுத்துக்கொள்வோம். முதலில் சொல்: "இது சுத்துற பிரஷ். பல்லுல கூச்சம் காட்டும்." பிறகு காட்டு: வாயிலிருந்து தூரமாக, மெதுவான வேகத்தில் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். நிறுத்துங்கள். உங்கள் கட்டைவிரல் நகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். அதன் பிறகு குழந்தையின் நகத்தில். கையை இழுத்துக்கொண்டால் துரத்த வேண்டாம், மறுபடியும் உங்கள் நகத்தில். குழந்தை தானே விரலை நீட்டும் கணம் ஒன்று வரும், அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள். அப்புறம் செய்: சொன்ன உடனே, சொன்னதை மட்டும், முன்பல் ஒன்றில் மூன்று எண்ணும் வரை. எடுத்துவிடுங்கள். "மூணு வரைக்கும் ஆடாம இருந்தே, அதனால சீக்கிரம் முடிஞ்சுது" என்று எதைச் சரியாகச் செய்தது என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள். வெறும் "சமத்து" போதாது.

கெடுவது எங்கே? காட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துச் செய்தால் கெடும். மூன்று என்று சொல்லி ஐந்து வரை போனால் கெடும். பிரஷ்ஷைக் காட்டிவிட்டு வேறொன்றை வாயில் வைத்தால் அன்றைக்கு அதோடு முடிந்தது.

சொற்களை முன்பே முடிவு செய்து, கிளினிக்கில் எல்லோரும் ஒன்றையே சொல்லுங்கள். உறிஞ்சுகுழல் "தண்ணி குடிக்கிற குழாய்", காற்றுக்குழல் "காத்தடிக்கிற குழாய்", எக்ஸ்ரே "பல் போட்டோ", பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் விரிப்பு "பல்லோட மழைக்கோட்டு".

### 6 வயதுக்கு மேல்

இந்த வயதில் திறக்க மறுப்பது பெரும்பாலும் கட்டுப்பாடு கைவிட்டுப் போனதால். இடது கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று உடன்பாடு செய்யுங்கள், வேலை தொடங்கும் முன் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். முதல் முறை கை உயர்ந்ததும் உடனே நிறுத்தியே ஆக வேண்டும். "இதோ முடிஞ்சிடுச்சு" என்று தொடர்ந்தால் அந்தக் கை இனி உயராது, உதைக்கத்தான் செய்யும். சும்மா சும்மா கையைத் தூக்கினால் நிறுத்தத்தை 10 எண்ணும் வரை என்று வரையறுங்கள்.

எந்த வயதானாலும் கையால் வாயைப் பொத்தி அழுகையை நிறுத்தும் பழைய முறை வேண்டாம். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2006-இலேயே அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கிவிட்டது.

## அறிகுறி 4: வாயில் எதை வைத்தாலும் குமட்டல்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நாற்காலியை நிமிர்த்தி வையுங்கள். தலை சற்று முன்னால் குனியட்டும். மூக்கால் மூச்சுவிடச் சொல்லுங்கள். ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் கவனம் அங்கே போகும், கால் வலிக்கும் நேரத்தில் எக்ஸ்ரே படம் எடுத்து முடித்துவிடலாம். எக்ஸ்ரேயை முன்பல்லிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். சின்ன அளவுப் ஃபிலிமோ சென்சாரோ போடுங்கள். உறிஞ்சுகுழலின் முனை அண்ணத்தையோ நாக்கின் அடிப்பகுதியையோ தொடாமல் கன்னப் பக்கமாக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் அடங்காமல் பல் தேய்க்கும்போதும் சாப்பிடும்போதும்கூடக் குமட்டுகிறது என்றால், அதைப் பயம் என்று ஒதுக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 5: ஊசியைப் பார்த்ததும் உடைந்துபோகிறது

ஊசி உண்மையிலேயே தேவையா? பால்பல் சொத்தையில் ஊசியில்லாமல் முடியும் வேலைகள் உண்டு. 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடு பூசினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். பூசிய இடம் நிரந்தரமாகக் கறுக்கும். அதைப் பெற்றோரிடம் படம் காட்டி முன்பே சொல்லிவிட வேண்டும். தோலில் பட்டாலும் கறை விழும், ஆனால் அது சில நாளில் போய்விடும். இன்னொன்று ஹால் முறை: பல்லைக் குடையாமல், மரத்துப்போக வைக்காமல், எஃகுத் தொப்பியைச் சொத்தையின் மேலேயே ஒட்டுவது. பற்கள் நெருக்கமாக இருந்தால் சில நாள் முன்பு இடையில் சிறு ரப்பர் வளையம் வைத்து இடம் பண்ண வேண்டும். சீழ், இரவு வலி, வீக்கம் இருக்கும் பல்லுக்கு இரண்டும் பொருந்தாது.

தேவை என்றால், எப்படிப் போடுகிறீர்கள்? ஈறு ஈரமாக இருக்கும்போது மரத்துப்போக வைக்கும் மேல்பூச்சு மருந்தை வைத்தால் எச்சிலோடு கரைந்துபோகும். பஞ்சால் துடைத்து உலரவைத்து, மிளகளவு வைத்து, ஒன்று முதல் இரண்டு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். பென்சோகைன் கலந்த பூச்சு 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது. மெல்லிய 30 கேஜ் ஊசி, அறை வெப்பத்துக்கு வந்த மருந்து, நிமிடத்துக்கு 1 மி.லி.-க்கு மேல் போகாத வேகம். வலியில் பெரும்பங்கு மருந்து வேகமாக உள்ளே தள்ளப்படுவதால் வருவது. உதட்டை இழுத்துப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே போடுங்கள். குழந்தை ஆட்டத்தைத்தான் உணரும்.

உதவியாளர் ஊசியைக் குழந்தையின் முகத்துக்கு மேலாக நீட்டாமல் தாடைக்குக் கீழாகவோ தலைக்குப் பின்னாலோ கைமாற்ற வேண்டும். உதவியாளரின் ஒரு கை, தொடாமல், குழந்தையின் கைகளுக்கு மேலே தயாராக இருக்கட்டும். திடீரென உயரும் கைதான் ஊசி குத்தும் விபத்துக்குக் காரணம். சொல்வதற்கு: "பல்லுக்குத் தூக்க மருந்து ஊத்தப் போறேன், சுருக்குன்னு கிள்ளின மாதிரி இருக்கும், பத்து எண்ணலாமா?" கிள்ளலை மறைக்காதீர்கள். "ஊசியா?" என்று நேராகக் கேட்கும் பிள்ளைக்கு "ஆமா, ரொம்ப மெல்லிசு" என்று சொல்லிவிடுங்கள்.

அளவு விஷயத்தில் விளையாட்டு கூடாது. மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்தான லிடோகைனுக்குக் குழந்தைகளில் கிலோவுக்கு 4.4 மி.கி. என்பதை உச்சவரம்பாக வைத்துக்கொள்கிறார்கள். 15 கிலோ குழந்தைக்கு 66 மி.கி. இரண்டு சதவீத மருந்தில் 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் (மருந்துக் குப்பி) ஒன்றில் 36 மி.கி. இருக்கிறது, இரண்டு முழுதாகப் போனாலே 72 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். அதனால் எடையைப் பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள். பெற்றோரும் "எடை பாத்தீங்களா டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

## அறிகுறி 6: ஊசி போட்ட பிறகும் அலறுகிறது

இதில்தான் குழந்தைகளுக்கு அதிக அநியாயம் நடக்கிறது. "மரத்துப்போச்சு, சும்மா நடிக்குது" என்று சொல்வதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. மரத்துப்போகும் உணர்வைக் கண்டே பயமா? உதடு தடித்துவிட்டது என்று குழந்தை நினைக்கிறது. ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். போட்ட பிறகு கைக்கண்ணாடியைக் கொடுத்து, "தடியான மாதிரி தோணுது, ஆனா பாரு, அப்படியேதான் இருக்கு" என்று காட்டுங்கள். பல குழந்தைகளுக்கு அலறல் இங்கேயே நின்றுவிடும்.

2. போதிய நேரம் கொடுத்தீர்களா? கீழ்த்தாடை நரம்பு ஊசிக்கு 3 முதல் 5 நிமிடம் வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள், ஊகிக்காதீர்கள்.

3. அழுத்தமா, வலியா? பல் எடுக்கும்போது அழுத்தமும் சத்தமும் தெரியும். குழந்தைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதன் தோளைக் கையால் அழுத்தி "இது அமுக்கறது", கையை லேசாகக் கிள்ளி "இது கிள்ளறது. எது வந்ததுன்னு சொல்லு" என்று பழக்குங்கள்.

4. உண்மையில் மரத்திருக்கிறதா? "வலிக்குதா?" என்று கேட்டுச் சோதிக்காதீர்கள், கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடும். பல்லின் இருபக்க ஈறையும் ஆய்வுக் கம்பியால் மெல்லத் தொட்டு, கண்ணையும் புருவத்தையும் பாருங்கள். ஊசி போடாத பக்கத்தில் முகம் சுளிக்கிறது, போட்ட பக்கத்தில் இல்லை என்றால் மரத்திருக்கிறது. கால்விரல்கள் மடங்குகின்றனவா என்று பார்க்க உதவியாளரிடம் சொல்லிவையுங்கள். வாய் பொய் சொன்னாலும் கால் சொல்லாது.

5. சீழ் பிடித்த பல்லா? சீழ் கட்டிய இடத்தில் திசு அமிலத்தன்மையோடு இருப்பதால் மருந்து சரியாக வேலை செய்யாது. மேலும் மேலும் ஊசி போட்டால் அளவுதான் ஏறும். சீழை வடித்து, அடங்கவிட்டு, வேறொரு நாள் தொடருங்கள்.

6. எனாமல் (பல்லின் கெட்டியான வெளிப்பூச்சு) கெட்டிப்படாத பல்லா? 6 வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் வெண்மை, மஞ்சள், பழுப்புத் திட்டுகளோடு, ஓரம் பொடிந்து முளைத்திருந்தால் அது சாதாரணச் சொத்தைப் பல்லைவிடப் பலமடங்கு கூசும், மரப்பதும் கடினம். பக்கத்துப் பல்லும் அப்படி இருந்தால் அதன் மேல் காற்றும் தண்ணீரும் படுவதே அலறலுக்குப் போதும். அந்தப் பல்லைப் பஞ்சால் மூடிவைத்துச் செய்துபாருங்கள். காற்றடித்து உலரவைப்பதை நிறுத்திப் பஞ்சால் ஒற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் வலி என்றால் வலிதான். தற்காலிக அடைப்பு வைத்து நிறுத்திவிட்டு, குழந்தைப் பல் மருத்துவ நிபுணரிடம் அனுப்புங்கள்.

## அறிகுறி 7: பாதிவரை நல்ல பிள்ளை, திடீரென்று எழுந்துவிடுகிறது

நேரம் பாருங்கள். சின்னக் குழந்தைக்கு 20 முதல் 30 நிமிடத்துக்கு மேல் நாற்காலி தாங்காது. சிறுநீர் முட்டுகிறதா என்று கேளுங்கள். தொடங்கும் முன்பே போய்வரச் சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. தாடை வலிக்கிறதா? வாய் மூடாமலிருக்கப் பல்லிடைக் கட்டை வைத்திருந்தால் சின்ன அளவுக்கு மாற்றுங்கள், "தலையணை மேல பல் சாய்ஞ்சுக்கலாம்" என்று சொல்லி. தொண்டைக்குள் தண்ணீர் தேங்குகிறதா?

வேலையெல்லாம் நல்லபடியாக முடிந்து கடைசி நிமிடத்தில் கத்தினால் பஞ்சைச் சந்தேகியுங்கள். கன்னத்தில் ஒட்டி உலர்ந்த பஞ்சுருளையை அப்படியே இழுத்தால் மேல்தோல் சேர்ந்து உரியும். இரண்டு துளி தண்ணீர் விட்டு நனைத்து எடுங்கள். அரை மணி நேரம் சேர்த்த நம்பிக்கை, நனைக்காத ஒரு பஞ்சில் போய்விடுகிறது. குழந்தைக்கு ஞாபகம் இருப்பது பெரும்பாலும் கடைசி நிமிடம்தான்.

## அறிகுறி 8: வெளிச்சம், சத்தம், தொடுகை எதையும் தாங்கவில்லை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும், புலனுணர்வு மிகக் கூர்மையான மற்றக் குழந்தைகளிடமும் இது தெரியும். எந்தப் புலன் என்று வீட்டில் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். நாள் குறிக்கும்போதே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். வெளிச்சம் என்றால் கறுப்புக் கண்ணாடி. சத்தம் என்றால் காதுமூடி, கையால் சுரண்டும் கருவிகள். லேசான தொடுகை ஆகாது, அழுத்தமான தொடுகை பிடிக்கும் என்றால் எக்ஸ்ரேக்கு அணிவிக்கும் கனமான கவசத்தை மேலே போட்டுப் பாருங்கள். பற்பசையின் சுவை பிடிக்காது என்றால் வெறும் தண்ணீர்.

ஒவ்வொரு முறையும் அதே அறை, அதே ஆட்கள், அதே வரிசை. அறையையும் நாற்காலியையும் படம் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் தினமும் வரிசையாகக் காட்டுங்கள். முதல் வருகையில் நாற்காலியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால்கூட அது ஒரு படிதான். அடுத்த வருகையில் உட்கார்வது, அதற்கடுத்து கண்ணாடியை வாயில் வைத்துப் பத்து எண்ணுவது. பல வருகைகள் ஆகும் என்பதை முதல் நாளே ஒத்துக்கொள்ளும் மருத்துவராகத் தேடுங்கள்.

## அறிகுறி 9: வளர்ந்த பிள்ளை, முகம் வெளுத்து வியர்க்கிறது

மயக்கம் வரப்போகிறது. எல்லாவற்றையும் வாயிலிருந்து எடுத்து, நாற்காலியைக் கிடையாக்கி, காலை உயர்த்துங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். உடனே எழுப்பாமல் மெல்ல நிமிர்த்துங்கள். தெளியாவிட்டால், மூச்சு சரியில்லாவிட்டால் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் பயத்தை வெளியே சொல்வதில்லை, "ஊசின்னா உனக்கு எப்படி?" என்று தனியாகக் கேட்டால் பதில் வரும்.

## அறிகுறி 10: வீட்டுக்கு வந்த பிறகு

உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ மரத்திருக்கும். குழந்தை அதை விளையாட்டாகக் கடிக்கும். மரப்பு போகும்வரை கடித்துச் சாப்பிடும் எதுவும் வேண்டாம். பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கடித்துவிட்டால் மறுநாள் வெள்ளையாக, மஞ்சளாகப் படலம் தெரியும். சீழ் என்று பயந்து ஓடுவார்கள். அது புண் ஆறும்போது வரும் படலம். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் காட்டுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மிகாமல். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது.

அன்றிரவு "ரொம்ப அழுதாள்" என்று எல்லோரிடமும் குழந்தை காதுபடச் சொல்லாதீர்கள். "பல் எண்ணும்போது கையை வயித்து மேலயே வெச்சிருந்தாள்" என்பதும் உண்மைதானே, அதைச் சொல்லுங்கள்.

## எதுவும் பலிக்கவில்லை: மருந்தும் மயக்கமும்

இங்கு வருவதற்கு முன் கிளினிக் குறிப்பைப் பாருங்கள். 1962-இல் வந்த ஃபிராங்கல் அளவுகோலில் முழு மறுப்பு 1, முழு ஒத்துழைப்பு 4. ஒவ்வொரு வருகையிலும் எண்ணை எழுதிவைத்திருந்தால், முன்னேறுகிறதா என்று தெரியும். 1-இலிருந்து 2-க்கு வந்திருக்கும் குழந்தைக்கு இன்னும் பொறுக்கலாம். மூன்று வருகையிலும் 1 என்றாலோ, பல பற்களில் வேலை இருந்து வலியும் இருந்தாலோ இழுத்தடிப்பது கொடுமை.

சிரிப்பு வாயு (நைட்ரஸ் ஆக்சைடு) முதல் படி. குழந்தை விழித்தே இருக்கும், பேசும். பிராணவாயுவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். பெரும்பாலானோருக்கு 30 முதல் 50 சதவீதம் போதும். முடிந்ததும் சில நிமிடம் முழுப் பிராணவாயு. மூக்கு அடைத்திருந்தால் பலிக்காது, மூக்குமூடியை வைக்கவே விடாத குழந்தைக்கும் பலிக்காது. மூடியை முன்பே வீட்டுக்குக் கேட்டு வாங்கி விளையாட விட்டால் பாதி வேலை முடியும்.

வாய்வழி மயக்க மருந்து, முழு மயக்கம் இரண்டும் பயிற்சி பெற்றவர் கையில் மட்டும். கேட்க வேண்டியவை: பல் வேலை செய்பவர் தவிர, குழந்தையை மட்டும் கவனிக்க ஒருவர் இருக்கிறாரா? பல்ஸ் ஆக்சிமீட்டர், பிராணவாயு, மூச்சு நின்றால் காக்கும் கருவிகள் அறையிலேயே இருக்கின்றனவா? முழு மயக்கம் என்றால் மயக்கவியல் மருத்துவர் இருக்கிறாரா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் அங்கே வேண்டாம். வீட்டில் தூக்கம் வரவைக்கும் சிரப் கொடுத்துக் கூட்டிவராதீர்கள். கிளினிக்கில் கொடுக்கும் மருந்தோடு சேர்ந்து மூச்சை அடக்கிவிடும்.

பட்டினி விதி பொதுவாக இப்படி: தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், மற்றப் பாலும் லேசான உணவும் 6 மணி நேரம். உங்கள் மயக்கவியல் மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதுவே. குழந்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மறைத்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம்.

முழு மயக்கத்தில் எல்லாப் பல்லும் சரியானாலும் பயம் அப்படியே இருக்கும், ஏனென்றால் குழந்தை எதையும் பழகவில்லை. இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் ஒரு வருகை குறியுங்கள். அன்றைக்குப் பல் எண்ணுவது, ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவது தவிர வேறெதுவும் வைக்காதீர்கள். அறிகுறி 3-இல் சொன்ன நகத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.